கட்டடத் தொழிலாளரும் காவற்சட்டமும்

சென்னையினின்று பொன்னேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மணலியைக் கடந்து சிறிது தொலைவு செல்வோர் மணலி புதுநகரைக் காண்பர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும், ஏனைய இரசாயனத் தொழிற்சாலைகளும் நிறைந்த மணலிக்குத் துணைநகராகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தாரால் மனை மனையாக வகுக்கப்பெற்ற ஊர் அது. 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது மணலி மண்டலத்தின் பகுதியாயிற்று. கொசத்தலையாறு அருகே ஓடுவதால், பூண்டி ஏரியின் உபரிநீர் பெருகிவரும் காலங்களில் இவ்வூரார் படும் பாடு பெரிது. 2015ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. ஆதலின் இங்கே வீடு கட்டும் வேலைக்கு ஓய்வில்லை. புதிதாய்க் கட்டுவோர் தளத்தை உயர்த்திக் கட்டுகின்றனர். முன்னரே கட்டியோர் மாடி எழுப்புகின்றனர். சென்னையிற் பலரும் செய்வதுபோலத் தாழ்ந்த வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவிப்பாரும் உளர்.

இவ்வேலைகளைச் செய்வோர் யாவர்? ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு சித்தாள், கம்பி கட்டுவோன் ஒருவன், சென்டரிங் அடிப்போர் சிலர். ஒரு வாரம் ஒரு மனையிலும் மறுவாரம் வேறொரு மனையிலும் வேலை. கூலி நாட்கூலி. எழுத்தில் ஒப்பந்தம் என்று ஒன்றுமில்லை. இவருள் ஒருவர் சாரத்தினின்று தவறி விழுந்தால், நம் நாட்டுச் சட்டம் அவருக்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் யாது செய்யும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள். சட்டம் பயிலாத மாணவரும் இதனை அறிதல் நன்று. நம்முட் பலர் வீடு கட்டப் போகின்றவர்கள், சிலர் வீடு கட்டுவோரின் மக்கள்.

கட்டடத்தைப் பற்றிய சட்டம் மிகப் பழையது. கி.மு. 18ஆம் நூற்றாண்டிற் பாபிலோனை ஆண்ட அமுராபி மன்னன், கட்டியவனுடைய குற்றத்தால் வீடு இடிந்து வீட்டுக்குடையவன் மாண்டால் கட்டியவனும் மாளவேண்டும் என்று விதித்தான். கடுமையான விதிதான். ஆயினும் அது காத்தது வீட்டுக்குடையவனையேயன்றி வீட்டைக் கட்டுங்கால் விழுந்து மடிந்த கூலியாளையன்று. விவிலியத்தில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் வேறொரு விதி காணப்படுகின்றது. புதுவீடு கட்டுவோன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். இல்லையேல் அங்கிருந்து விழுவோனுடைய இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுவோன் உடையவனா, விருந்தினனா, வேலையாளா என்று அவ்விதி வினவவில்லை. கூலி கொடாமல் அயலானிடம் வேலை வாங்கித் தன் மாளிகையைக் கட்டுவோனை எரேமியா தீர்க்கர் கடிந்துரைத்ததும் நம் வாசகர் அறிந்ததே.

நிற்க. நம் நாட்டில் விபத்துக்குட்பட்ட தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை உண்டென முதன்முதல் நாடெங்கும் விதித்தது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அதன் 12ஆம் பிரிவு நுட்பமானது. முதலாளி ஒருவர் தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருப்பினும், அவ்வொப்பந்தக்காரரின் ஆளுக்கு நேர்ந்த விபத்துக்கு அம்முதலாளியே ஈடு கொடுத்தல் வேண்டும். பின்னர் ஒப்பந்தக்காரரிடமிருந்து அதனைப் பெற்றுக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகளின் கட்டுமானங்களுக்கு இப்பிரிவு மிகவும் பயன்பட்டது. ஆயின் சொந்த வீடு கட்டும் ஆசிரியருக்கோ குமாஸ்தாவுக்கோ வீடு கட்டுதல் தொழிலன்று; ஆதலின் அவர் இப்பிரிவின்கண் அடங்கார். எஞ்சுபவர் மேஸ்திரி ஒருவரே. மேஸ்திரியிடம் கரணையும் மட்டக்கோலும் அன்றி வேறு சொத்து இருப்பது அரிது. சட்டத்தில் உரிமை இருந்தும் அதனைக் கொடுக்கத்தக்க ஆள் இல்லாத நிலை இது. சிறு கட்டடங்களின் முழுச் சிக்கலும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

இச்சிக்கலைத் தீர்க்க வழிகண்டவர் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தினரே என்று சொல்லுதல் மிகையாகாது. முதலாளி யார் என்று தேடி அலைவதனின்றும் தொழிலாளியை முதலிற் பதிவு செய்க. கட்டடம் கட்டும் யாவரிடமும் ஒரு சிறு பங்கு தண்டிப் பொதுநிதி ஒன்று அமைக்க. அந்நிதியினின்று அவருக்கு உதவுக. இதுவே அவர்கள் கோரியது. கப்பற்றுறைத் தொழிலாளருக்கு முன்னரே இத்தகைய வாரிய முறை ஒன்று இருந்தமையால், இராயபுரத்தையும் துறைமுகத்தையும் அறிந்த நம் பகுதியினர்க்கு இக்கருத்துப் புதிதன்று. 1982ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் பிறந்தும் அது கட்டடத் தொழிலாளருக்குக் கைகூட மேலும் 12 ஆண்டுகள் சென்றன. 1994ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாளிலேதான் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. கட்டட வரைபடத்திற்கு அனுமதி கேட்கும்போதே கட்டுவோரிடமிருந்து வாரியத்திற்குரிய பங்கை ஊராட்சியோ மாநகராட்சியோ வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டாயிற்று. விபத்து உதவி, இயற்கை மரண உதவி, மக்களின் கல்விக்கு உதவி, திருமண உதவி, மகப்பேற்று உதவி, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் என்பன பதிவு பெற்றோருக்குரியன.

இவ்வேற்பாட்டின் சிறப்பு யாதெனில், கொத்தனார் ஒருவர் எந்த மனையில் எத்துணைப் பேருடன் வேலை செய்கிறார் என்பது இங்கே முதன்மையன்று. அவர் கட்டடத் தொழிலாளி என்பதே போதும். அவருடைய பெயர் ஏட்டில் ஏறுகிறது; வாரந்தோறும் மனை மாறினும் பெயர் மாறுவதில்லை.

அதே 1982ஆம் ஆண்டில் தில்லியில் ஆசிய விளையாட்டுகளுக்கென அரங்கங்களும் மேம்பாலங்களும் விரைந்து எழுந்தன. அங்கு வேலை செய்தோருக்குக் குறைந்தபட்சக் கூலியும் கிடைக்கவில்லை என மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கத்தார் உச்ச நீதிமன்றத்திற்கு எழுதினர். நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு கட்டடத் தொழிலின் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். வறுமையால் நெருக்குண்டு குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வாங்கி வேலை செய்பவனுடைய உழைப்பு, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பே என்றார் அவர். கட்டட வேலை இடர் மிக்க தொழில். ஆதலின் 24ஆம் பிரிவின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அதில் ஈடுபடுத்தலாகாது என்றும் கூறினார். 1938ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் கட்டட வேலை குறிக்கப்படவில்லை என்று சொல்லப்பட்ட சமாதானம் அவரிடம் எடுபடவில்லை.

பின்னர், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த தேசியக் குழு ஒன்று கட்டடத் தொழிலாளருக்கென மத்தியச் சட்டம் வேண்டுமெனப் பத்தாண்டுக் காலம் கிளர்ச்சி செய்தது. பயனாக 1996ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று வேலை நிலைமை, பாதுகாப்பு, நலம் ஆகியவற்றுக்கு. மற்றது அந்நலத்துக்கு வேண்டிய பொருளைத் தண்டுதற்கு. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை தீர்வை தண்டலாம் என்பது இரண்டாவதன் விதி. 18 வயதுக்கு மேல் 60க்குட்பட்டு, முந்திய 12 திங்களில் 90 நாளேனும் கட்டட வேலை செய்தவர் பதிவுக்கு உரியவர்.

இத்தீர்வையை எதிர்த்துக் கட்டுவோர் வழக்கிட்டனர். அது வரியன்று, ஒரு பணிக்கெனப் பெறப்படும் கட்டணமே என்று 2011ஆம் ஆண்டில் தீவான் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை நிலைநாட்டியது. நம் வட்டாரத்தார்க்கு இதனினும் முக்கியமானது 2016ஆம் ஆண்டு லான்கோ அன்பரா வழக்கு. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலைச் சட்டம் இருப்பதால் அதனைக் கட்டும் வேலைக்குக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என மின்னுற்பத்திக் கம்பெனிகள் வாதித்தன. உற்பத்தி தொடங்காத இடம் இன்னும் தொழிற்சாலை ஆகவில்லை. ஆதலின் கட்டி முடியும்வரை கட்டடச் சட்டமே ஆளும் என்றது மன்றம். ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் எழுந்தவண்ணமாயிருக்கும் எண்ணூர், மணலி, மீஞ்சூர்ப் பகுதிக்கு இத்தீர்ப்பின் பயன் சொல்லாமலே விளங்கும்.

பணம் சேர்ந்தது, செலவு நடந்ததா? 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் வழங்கிய தீர்ப்பைப் படிப்போர்க்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே தோன்றும். நாடெங்கும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் தண்டப்பெற்றிருந்தது. செலவானதோ ஏறத்தாழ 9,500 கோடி. அச்செலவிலும் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய கணக்கு இருந்தது. நாளெல்லாம் சுண்ணாம்பும் சிமெண்டும் படிந்த உடையோடு வாழ்வோர்க்குச் சலவை இயந்திரம் வேண்டியதே என்று ஒருவர் நகைத்துரைக்கலாம். தண்ணீர்க்குழாயும் மின்னிணைப்பும் இல்லாத தகரக்கொட்டகையில் அதனை எங்கு வைப்பது என்பதை அவரே சொல்லவேண்டும். எஞ்சிய 28,000 கோடியளவான தொகை ஏன் உரியவரைச் சேரவில்லை என்பதற்கு மன்றம் கண்ட காரணங்களுட் பெரியது ஒன்று: பதிவு நடைபெறவில்லை. ஏட்டில் பெயரில்லாதவனுக்கு நிதி இருந்தும் இல்லாததே.

இதற்கிடையில் 2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், சென்னைக்கு மேற்கே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்த மாலையில் அப்படியே அமர்ந்தது. 61 உயிர்கள் மாண்டன. மாண்டோர் பெரும்பாலும் தொழிலாளர். ஆந்திரத்தாரும், ஒடிசாவினரும், நம் நாட்டாரும் அவருள் இருந்தனர். நீதிபதி இரகுபதி விசாரணைக் குழு அமைந்தது. அருகில் நின்ற இணைக்கட்டடம் 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 500 சதுர மீட்டருக்கு அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் பதிவு செய்யப்படவேண்டும். வாங்குவோர் செலுத்தும் பணத்தில் நூற்றுக்கு 70 தனிக்கணக்கில் இருத்தல் வேண்டும். வீடு ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிற் குறை காணின் கட்டியவரே செலவின்றிச் சீர்செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான ஆணையம் 2017ஆம் ஆண்டு சூன் முதல் நடைபெறுகின்றது. நல்ல சட்டமே, மறுக்கவில்லை. ஆயினும் அமுராபியின் சட்டம்போல இதுவும் வீடு வாங்குவோரைக் காப்பது. சுவரெழுப்புவோரைப் பற்றி அது பேசுமிடம் சிறிது.

தொழிலின் போக்கும் மாறிவருகின்றது. முன்னாளில் மணலும் சிமெண்டும் ஜல்லியும் தளத்திலே கலந்து, சித்தாட் பெண்கள் பாண்டிலேற்றித் தலைமேற் சுமந்து கொடுப்பர். இப்போது கலவை ஆலையிலேயே கலந்து, சுழலும் உருளை பூண்ட லாரியில் வருகின்றது. குழாய்வழி மாடிக்கு ஏறுகின்றது. பாரஞ் சுமந்த கழுத்துகளுக்கு இது விடுதலைதான். ஆயின் அப்பெண்களுக்கு வேறு வேலை கற்பிக்கப்பட்டதா? கொத்து வேலை கற்ற பெண்களை விரல்விட்டு எண்ணலாம். 20 ஆண்டு கல் சுமந்தும் சித்தாளாகவே முதுமை எய்துதல் இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். இயந்திரம் வந்தபோது முதலில் வெளியேறியவர் அவரே. வெளியேறிய பெண் ஆண்டுக்கு 90 நாள் வேலை காட்ட இயலாவிடில் பதிவுக்குரிய தகுதியும் தளர்கின்றது. பெரிய தளங்களிலோ வடநாட்டினின்றும் வடகிழக்கினின்றும் வரும் இளைஞர் நிறைந்துள்ளனர். அவருக்கு நம் மொழி தெரியாது. மேற்பார்ப்போர்க்கு அவர்தம் மொழி தெரியாது. சாரத்தின்மேல் நிற்பவனை எச்சரிக்கக் கீழிருந்து கூவுஞ் சொல் அவனுக்கு விளங்கவேண்டாவா?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், நம் ஊருக்கு வடக்கே எண்ணூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத் தளத்தில் இரும்பு வளைவுச் சாரம் சரிந்து ஒன்பதின்மர் மாண்டனர். அசாம் மாநிலத்தினின்று பிழைக்க வந்தவர்கள் அவர்கள். மாநில அரசும் மத்திய அரசும் உதவித்தொகை அறிவித்தன. உடல்கள் விமானத்தில் ஏறி ஊர் சென்றன.

அதன்பின் இரண்டு திங்களும் நிறையாமுன், நவம்பர் 21ஆம் நாள், நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் 29ஐ நான்கு தொகுப்புகளாக அடக்கிய புதுச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கட்டடத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டங்கள் இரண்டும், 1979ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமும், மேற்கூறிய 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றுள் கரைந்தன. இவற்றைப் பற்றிப் புகழ்வாரும் இகழ்வாரும் மிகுதி. நாம் கட்டடத் தொழிலளவில் நின்று பார்ப்போம்.

நன்மை சில உள. முன்னர் 500 பேர் வேலை செய்யும் தளத்துக்கே பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றிருந்தது. இப்போது 250 பேர் இருப்பினும் வேண்டும். ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தாலன்றி வெளிமாநிலத் தொழிலாளி எனக் கொள்ளாத பழைய சட்டத்தைத் திருத்தி, தானே வந்து வேலை தேடிக்கொண்டவனையும் அப்பெயரில் அடக்கினர். எண்ணூரிலும் மணலியிலும் இத்தகையோர் பலர். ஆயின் பழைய சட்டம் ஐந்து பேருக்கே பொருந்தியிருக்க, புதியது பத்துப் பேரை எதிர்பார்க்கின்றது. ஒரு கையால் கொடுத்ததில் மறு கை கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

தீர்வையைக் கட்டுவோரே கணக்கிட்டு, வேலை முடிந்த 60 நாளுக்குள், பட்டயப் பொறியாளர் ஒருவரின் செலவுச் சான்றோடு செலுத்துவது என்பது மற்றொரு மாற்றம். அலைச்சல் குறையும் என்பர். மாணாக்கனே தன் விடைத்தாளுக்கு மதிப்பெண் இட்டுக்கொள்ளும் முறையை நம் கல்லூரி ஏன் இன்னும் கைக்கொள்ளவில்லை என்ற வினா இங்கு எழுகின்றது. அதற்கு ஆசிரியர்கள் விடையிறுப்பார்களாக.

எல்லாவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ‘கட்டட வேலை’ என்னும் சொல்லுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தரும் இலக்கணம். பழைய மத்தியச் சட்டமும் பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனத்தைத் தன் ஆட்சிக்குப் புறம்பாக்கியதுதான். ஆயின் அது நிறுவனத்தைப் பற்றிய வரையறை. புதிய தொகுப்போ பத்துப் பேருக்குக் குறைந்த வேலையைக் கட்டட வேலை என்னும் சொல்லிலிருந்தே நீக்கிவிட்டது. தாம் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்குப் பழைய வரம்பு 10 இலட்சம் ரூபாய். புதிய வரம்பு 50 இலட்சம். விலைவாசி ஏறியிருக்கிறது என்பது உண்மை; வரம்பு ஏறவேண்டியதும் உண்மை. எனினும் பொருளைப் பாருங்கள். சொல்லின் இலக்கணத்தில் அடங்காத வேலைக்குத் தீர்வை இல்லை. அதனிற் கழித்த நாள் 90 நாட் கணக்கில் சேருமா என்னும் ஐயமும் உடன் பிறக்கின்றது.

மணலி புதுநகரில் ஒருவர் 40 இலட்ச ரூபாய்ச் செலவில் கீழ்த்தளமும் மாடியுமாக வீடு கட்டுகிறார் என்று கொள்வோம். பழைய மத்தியச் சட்டத்தின் வரம்பை அவர் செலவு தாண்டியிருந்தது. நூற்றுக்கு 1 வீதம் கணக்கிட்டால் 40,000 ரூபாய் தீர்வை. புதிய தொகுப்பின்படி அவர் தரவேண்டியது ஒன்றுமில்லை. அங்கே வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் அத்தொகுப்பின் கண்ணுக்குக் கட்டட வேலையில் இல்லை. இத்தகைய வீடுகளே நம் தெருக்களில் மிகுதி. ஒரு சித்தாள் தன் வாழ்நாள் முழுதும் இத்தகைய வீடுகளிலேயே உழைத்துக் கழிப்பதும் இயல்பு.

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டமாதலின் மத்தியத் தொகுப்புகள் நீக்கிய சட்டங்களின் பட்டியலில் அஃது இல்லை. அதன் வழியே பதிவு பெற்றவருடைய ஏடு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆயினும் நிதியின் ஊற்று சிறுத்தால் ஏடு மட்டும் எத்துணைக் காலம் பயன்படும் எனச் சங்கத்தார் அஞ்சுகின்றனர். தமிழ்நாட்டு வாரிய முறையைத் தொகுப்புகளிடமிருந்து காத்துத் தரவேண்டுமெனக் கேட்கின்றனர். புதிய தொகுப்புகளின் கீழ் மாநிலம் இயற்றும் விதிகளைப் பொறுத்ததே இதன் முடிவு. பத்துப் பேர் என்னும் எண்ணும் 50 இலட்சம் என்னும் தொகையும் கட்டடத்தை அளக்கும் கோல்கள். கொத்தனாரின் பெயரை எழுதும் ஏட்டில் அவற்றுக்கு இடம் கொடுப்பதா என்பதே அவ்விதிகளை எழுதுவோர் முன் நிற்கும் வினா.